அந்தரத்தில் ஒரு சுவர்

ஏழாவது அத்தியாயம்

காணாமற்போன பொருள்கள் இருவகைப்படும். ஓரிடத்தில் இருந்தும் நம் கண்ணில் படாதவை ஒரு வகை. இருப்பதாகப் பிறர் சாதிக்க, எங்குமே இல்லாதவை மற்றொரு வகை. முதல் வகையைத் தேடுவதற்குக் கூர்மையான கண் போதும். இரண்டாம் வகையைத் தேடுவதற்கு நெஞ்சுரமும் வேண்டும். 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினைந்தாம் நாள், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நெய்வேலி மெயின் பஜார் மாடியிலிருந்த துப்பறிவாளர் அமிர்தநாதனின் அறையைத் தேடி வந்த வழக்கு இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பது, பிற்பகல் இரண்டரை மணிவரை எவருக்கும் விளங்கவில்லை.

அமிர்தநாதன் அஞ்சல் துறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். முகவரி தவறிய கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பதே அங்கு அவருடைய தொழில். "கிழக்கே பார்த்த வீடு, நெட்டைப் பெரியசாமி" என்று மட்டும் எழுதப்பட்ட உறையையும் மூன்று நாளில் சேர்த்துவிடுவார். அவருடைய உதவியாளன் பழனிவேல் பேருந்து நடத்துநராக இருந்தவன். பயணிகள் அனைவரும் பேசியதைவிட அவன் ஒருவன் அதிகம் பேசியதால் வேலையிழந்தவன்.

உள்ளே வந்த இளம்பெண் கையில் ஓர் அஞ்சலட்டையைப் பற்றியிருந்தாள்.

"உக்காரும்மா. எதைக் காணோம்?" என்றார் அமிர்தநாதன்.

"ஒரு நோட்டீசுங்க சார்."

"நோட்டீசா!" என்றான் பழனிவேல். "போன வாரம் ஒருத்தரு சைக்கிளக் காணோம்னு வந்தாரு. அதுக்கு முந்தி ஒருத்தரு மாமியாரக் காணோம்னு வந்தாரு. அவரு தேடச் சொல்லி வரல. தேடிடாதீங்கன்னு சொல்லிட்டுப் போவ வந்தாரு. நோட்டீசு இதான் மொத தடவ."

பெண் சிரிக்கவில்லை. அவள் பெயர் சாமியம்மாள், வயது இருபத்துமூன்று. நிலவியலில் முதல் வகுப்பில் எம்.எஸ்ஸி. தேறியவள். தந்தை கலியன் சுரங்கத்தில் தொழிலாளி. சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட செங்காணிக்குப்பம் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம் அவர்களுடையது.

"நெலக்கரிக்கு அடியில ஊத்துத் தண்ணி முட்டிக்கினு நிக்குதுங்க சார். அத எறைச்சாத்தான் கரி எடுக்க முடியும். ஆனா எவ்ளோ எறைச்சா சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் வத்தும்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபுடிக்கல. அதத்தான் நான் ஆராய்ச்சி பண்ணணும். பேராசிரியர் சேத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. ஆனா உதவித்தொகை இல்லாம மூணு வருஷம் ஓட்ட முடியாது, நாளைக்குள்ள ஏதாச்சும் ஒண்ணுக்கு மனு போட்டு முத்திரையோட வா, இல்லன்னா எடத்த வேற ஒருத்தருக்குக் குடுக்கணும்னு சொல்றாரு."

உதவித்தொகைகளின் பட்டியலைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மாதம் புரட்டியிருக்கிறாள் அவள். ஒன்று வெளிநாட்டுக்கு, ஒன்று ஆண்களுக்கு மட்டும், ஒன்று வடமொழி கற்றோர்க்கு. கடைசிப் பக்கத்தில், பூச்சி அரித்த ஓரத்தில், நான்கு வரி கிடைத்தது. பண்ருட்டி முந்திரி வணிகர் தெய்வநாயகம் என்பவர் 1954இல் ஓர் அறக்கட்டளை நிறுவியிருந்தார். செங்காணிக்குப்பத்து மக்கள் பறித்த முந்திரியால் தாம் செல்வமடைந்தமைக்கு நன்றியாக, அவ்வூரிற் பிறந்த ஒருவருக்கு ஆண்டுதோறும் ஆராய்ச்சி உதவித்தொகை. அவ்வூரார் எவரும் விண்ணப்பிக்காவிடில், செயலாளர் தம் விருப்பப்படி பிறருக்கு வழங்கலாம்.

"செயலாளருக்குக் கடுதாசி போட்டேன். இதான் பதில்."

அமிர்தநாதன் அட்டையை வாங்கி உரக்கப் படித்தார்.

"விளம்பரம் விதிப்படி வழக்கமான இடத்தில் ஒட்டப்பட்டுள்ளது. விளம்பரத்தோடு இணைந்த படிவத்தில் வரும் விண்ணப்பமே ஏற்கப்படும். கடைசி நாள்: ஜூன் 15, மாலை 5 மணி. இப்படிக்கு, கோபாலகிருஷ்ணன், செயலாளர்."

"இன்னிக்கிதான்," என்றாள் சாமியம்மாள். "மூணு வாரமா தேடறேன் சார். லைப்ரரி, ஆஸ்பத்திரி, கேன்டீன், பஸ் ஸ்டாண்டு, ஒவ்வொரு பிளாக்கு ரேஷன் கடையும். எங்கியும் இல்ல."

"சினிமாக் கொட்டாய் செவுரு?" என்றான் பழனிவேல்.

"அதையும் பாத்தேன். அங்க ஒட்டனா மேல படம் ஒட்டிடுவாங்க."

"வழக்கமான இடம்," என்று அமிர்தநாதன் மெல்லச் சொன்னார். "இடத்துக்குப் பேர் இருந்தா மனுஷன் பேரைச் சொல்லுவான். நூலகம்னு எழுத நாலு எழுத்து போதும். 'வழக்கமான இடம்'னு எழுதறவன் பேரைச் சொல்லக் கூச்சப்படறான். யாருக்கு வழக்கம்? என்னைக்கு வழக்கம்? சாமியம்மா, உங்க ஊர் இருந்த காலத்துல அங்க நோட்டீஸ் ஒட்டறது யாரு?"

"எங்கப்பாதாங்க. தண்டோரா போட்டு, கஞ்சிப் பசை காய்ச்சி, நோட்டீசும் அவுருதான் ஒட்டுவாரு."

"அவரைக் கேட்டியா?"

அவள் தலை கவிழ்ந்தது. "அவுருக்கு எதுவும் தெரியாதுங்க. ஆராய்ச்சி சீட்டு கெடச்சிடிச்சின்னு நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். ஷிப்ட்ல இருக்கற அத்தினி பேருக்கும் மிட்டாய் குடுத்துட்டாரு."

"ஐயையோ," என்றான் பழனிவேல். "நோட்டீசத் தேடிக் குடுத்துடலாம். குடுத்த மிட்டாயத் திருப்பி வாங்க முடியாது. எழுந்திரு தாயி, காலை ஷிப்ட் ரெண்டு மணிக்கி முடியுது."

*

சுரங்க வாயிலில் பணி முடிந்து வெளியேறுவோர் நீண்ட வரிசையில் நின்றனர். வரிசை நகரவில்லை. காரணம், பதிவேட்டின் முன் குனிந்திருந்த ஒரு மனிதர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், உடம்பெல்லாம் செம்மண். நாக்கின் நுனியைப் பற்களிடையே நிறுத்தி, பேனாவைக் கடப்பாரை பிடிப்பதுபோல் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக நட்டுக்கொண்டிருந்தார் அவர். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அவர் நிமிர்ந்தபோது ஏட்டில் "செ. கலியன்" என்று இருந்தது.

"இன்னாங்க இது," என்றான் பழனிவேல். "நீங்க ஒரு தபா பேரெழுதறதுக்குள்ள நான் கடலூர் போயி டிக்கெட்டு போட்டு வந்துடுவேன் போலக்கிதே!"

"நாலு வருசம் ராப்பள்ளிக்கூடம் போயி கத்துக்கினது தம்பி. நாலு நிமிசம் எழுதனா கொறஞ்சா பூடும்?" என்றார் கலியன்.

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவராண்ட வாயக் குடுக்காதீங்க. அறுபத்திரண்டுல சம்பள கிளார்க்கு பழக்கதோசத்துல மைப்பெட்டிய நீட்டிட்டாரு. இவரு சம்பளமே வேணாம்னு மூணு நாளு ஆபீசு வாசல்ல குந்திக்கினாரு. பேனா குடுத்தப்பறந்தான் எழுந்தாரு. அதுலேந்து மைப்பெட்டின்னாலே நாங்க ஒளிச்சி வச்சிடுவோம்."

"அந்த 'செ' யாருங்க? அப்பா பேரா?" என்றார் அமிர்தநாதன்.

"ஊரு பேருங்க. செங்காணிக்குப்பம். அப்பன் பேரப் போடுன்னு வாத்தியாரு சொன்னாரு. அப்பன் செத்தா வேற ஆளு இருக்குது நெனச்சிக்க. ஊரு செத்தா யாரு இருக்கா? அதான் நானே தூக்கிக்கினு சுத்தறேன்."

பிறகு அவர் மகளைக் கண்டார். அவள் முகத்தையும் கண்டார். சாமியம்மாள் நின்றவாறே அனைத்தையும் சொன்னாள். கலியன் தோளிலிருந்த துண்டை உதறியவாறே கேட்டார். முடிவில், "மிட்டாய் துன்னவனெல்லாம் துன்னுட்டான். நீ சீட்ட வாங்கிட்டா கணக்கு சரியாப் பூடும்," என்றார்.

"பெரியவரே, உங்க ஊர்ல நோட்டீஸ் ஒட்டற வழக்கமான இடம் எது?" என்று கேட்டார் அமிர்தநாதன்.

"சாவடிச் செவுருங்க. கெழக்குப் பக்கம்."

"அதைக் காட்ட முடியுமா?"

கலியன் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர்களைச் சுரங்கக் கரைக்கு அழைத்துச் சென்றார்.

கரையிலிருந்து பார்த்தபோது பூமி படிப்படியாக இறங்கிக் கரியில் முடிந்தது. கீழே சக்கர வடிவமான மண்வெட்டும் இயந்திரம் பல்வரிசையோடு சுழன்றுகொண்டிருந்தது. கலியன் கையை நீட்டினார். விரல் இயந்திரத்தைக் காட்டவில்லை. அதற்கு நெடுந்தொலைவு மேலே, ஒரு பருந்து வட்டமிட்ட வெறும் வெளியைக் காட்டியது.

"தோ, அங்க. அந்தப் பருந்து பறக்குது பாருங்க, அதான் சாவடி. செவுரு அதுக்குக் கொஞ்சம் கீழ. அறுவதுல மண்ணெடுத்தப்போ நானே நின்னு பாத்தேன்."

பழனிவேல் கண்ணுக்குமேல் கையை வைத்து, பருந்துக்குக் கீழே சுவரைத் தேடினான்.

"அங்கயா ஒட்டியிருக்கான்?" என்றாள் சாமியம்மாள், தன் குரலைத் தானே நம்பாதவளாக.

"அங்கதான் ஒட்டினதா எழுதியிருப்பான்," என்றார் அமிர்தநாதன். "ஆறு வருஷமா, இல்லாத சுவத்துல இல்லாத நோட்டீஸ். ஊர்க்காரங்க யாரும் விண்ணப்பம் போடல, அதனால என் இஷ்டம்னு வேண்டியவங்களுக்குக் குடுத்துக்கிட்டு வர்றான்."

"அப்ப படிவமும் இல்ல. எதுல எழுதிக் குடுக்கறது?"

"படிவம் ஓரிடத்துல இருக்கு. ஒட்டினேன்னு பொய் சொல்றவன் கோப்புல ஒரு பிரதி வைக்காம இருக்க மாட்டான். அதை அவன் கையாலயே வெளிய எடுக்க வைக்கணும். பழனிவேல், பண்ருட்டிக்கு எப்ப பஸ்?"

"மூணு மணி வண்டி சார். நம்ம பழைய வண்டி. டிரைவரு நான் சொன்னா பறப்பாரு. பேச்ச நிறுத்துன்னு சொல்றதுக்காவது பறப்பாரு."

பேருந்தில் அமிர்தநாதன் சாமியம்மாளின் கையில் தம் பேனாவைக் கொடுத்து, "அவர் கோப்பைத் திறக்கறவரைக்கும் வாயத் திறக்காதே. திறந்தப்புறம் எங்களைத் திரும்பிப் பாக்காதே," என்று மட்டும் கூறினார்.

*

அறக்கட்டளையின் அலுவலகம் பண்ருட்டிக் கடைத்தெருவில், பலாப்பழ மண்டிக்கு மேலிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு இருபது. செயலாளர் கோபாலகிருஷ்ணன் நால்வரையும் பார்த்தார். நால்வரில் அமிர்தநாதனுக்கு மட்டும் நாற்காலியைக் காட்டினார். கலியன் தாமாகவே மற்றொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"விளம்பரமே ஒட்டலைன்னு இவங்க சொல்றாங்க," என்று அமிர்தநாதன் மிகப் பணிவாகத் தொடங்கினார்.

"யாரு சொல்றது? இந்தப் பொண்ணா? இவங்க மொதல்ல அந்த ஊர்க்காரங்கதானான்னு கேளுங்க. இவங்க சேரியில இருந்தவங்க. ஊரு வேற, சேரி வேற."

வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளையைச் சாமியம்மாள் அப்போது மீறினாள். "மிஷினு தோண்டறப்போ ஊரு எது, சேரி எதுன்னு பாத்துத் தோண்டலிங்க. ரெண்டும் ஒரே குழிதான்."

செயலாளரின் முகம் சிவந்தது. "என்னம்மா பேச்சு இது? நான் விதியை மீறினேன்னு சொல்ல வந்தீங்களா? இந்தாங்க!" அவர் அலமாரியைத் திறந்து கோப்பொன்றை எடுத்து மேசைமேல் அறைந்தார். "விளம்பரம், படிவம், ஒட்டினதுக்குச் சான்று. எல்லாம் இருக்கு. வேணும்னா எடுத்துக்கினு போயி கலெக்டராண்டயே காட்டுங்க!"

"எடுத்துக்கலாமா?" என்றார் அமிர்தநாதன்.

"தாராளமா!"

அமிர்தநாதன் குண்டூசியை நீக்கினார். சான்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்; மற்ற தாள்களை மேசையின் மறுகோடிக்கு, சாமியம்மாள் நின்ற பக்கம், ஒதுக்கி வைத்தார். பிறகு நிதானமாகப் படித்தார்.

"'செங்காணிக்குப்பம் சாவடியின் கிழக்குச் சுவரில், 1966 மே பதினைந்தாம் நாள், என் முன்னிலையில் விளம்பரம் ஒட்டப்பட்டது.' உங்க முன்னிலையிலயா?"

"ஆமா."

"நீங்க நேர்ல நின்னீங்க?"

"நின்னேன்."

"ரெக்கைய எங்க சார் வச்சிருக்கீங்க?" என்றான் பழனிவேல். "கழட்டி மாட்டியிருக்கீங்களா?"

"என்னய்யா உளர்றே?"

"அந்தச் சுவர் 1960லேயே மண்ணோட போயிடுச்சு," என்றார் அமிர்தநாதன். "சுவர் இருந்த இடத்துல இப்ப பருந்து பறக்குது. நாங்க நேரா அங்கிருந்துதான் வர்றோம். உங்க மைத்துனர் மகன் ஒருத்தர்தான் போன ரெண்டு வருஷமும் விண்ணப்பம் போட்டவர்னு இந்தச் சான்றோட பின்பக்கம் நீங்களே குறிச்சிருக்கீங்க. படிவத்தை அவ்வளவு உயரத்துலேர்ந்து கிழிச்சுக்கிட்டு வந்தாரா?"

செயலாளர் எட்டிச் சான்றை விரலால் தட்டினார். "சாட்சியைப் பாருங்க! இந்தக் கலியனே கைநாட்டு வச்சிருக்கான். பொண்ணுக்கு நோட்டீசு தெரியலன்னா அதுக்கு அப்பனைக் கேளுங்க!"

தாளின் அடியில் நீலநிறப் பெருவிரற் பதிவு ஒன்று இருந்தது. கலியன் அதைப் பார்த்தார். அதன் பின் அந்த அறையில் எழுந்த குரல், சுரங்க இயந்திரத்தின் ஓசைக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"அம்பத்தஞ்சுல வச்சேன், அம்பத்தாறுல வச்சேன். அப்ப நான் குருடன். அறுபத்திரண்டுலேந்து இந்தக் கட்டைவிரல வெத்தலைக்கிச் சுண்ணாம்பு தடவறதுக்குத் தவுர வேற எதுக்கும் நீட்டனதில்ல. சம்பளத்துக்கே நீட்டாதவன் ஒனக்கா நீட்டுவேன்? இது எவன் வெரலு? உன் வெரலா?"

தம்மை அறியாமலே செயலாளர் தம் வலக்கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு தடவாத வெரலுதான் போல," என்றான் பழனிவேல்.

மணி நான்கு நாற்பத்தைந்து. கோபாலகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்தார். தோற்றவனுக்கு எஞ்சியிருக்கும் கடைசிக் கதவு அவருக்குத் தென்பட்டது. "சரி. ஒட்டல. ஒட்டாத விளம்பரம் செல்லாது. செல்லாத விளம்பரத்துக்கு உதவித்தொகையும் கிடையாது. இந்த வருஷம் ரத்து. எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. போயிட்டு வாங்க!"

"ஒரு நிமிஷங்க," என்றாள் சாமியம்மாள்.

அவள் மேசையின் மறுகோடியிலிருந்து நிமிர்ந்தாள். கோப்பிலிருந்த படிவத்தின் பதினேழு கட்டங்களில் பதினாறு நிரம்பியிருந்தன. பெயர், கல்வி, ஆராய்ச்சிப் பொருள், பேராசிரியர் பெயர். சொந்த ஊர் என்ற கட்டத்தில் "செங்காணிக்குப்பம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

"அது ஆபீஸ் காப்பி!"

"விளம்பரத்தோடு இணைந்த படிவம்," என்றார் அமிர்தநாதன், அஞ்சலட்டையை உயர்த்திக் காட்டி. "நீங்க கேட்டது அதுதான். எடுத்துக்கங்கன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப ரெண்டே வழி. விளம்பரம் ஒட்டினேன்னா, இது முறையான விண்ணப்பம், முத்திரை போடுங்க. ஒட்டலைன்னா, இந்தச் சான்று பொய். நீங்க சொன்ன மாதிரி கலெக்டர்கிட்டயே காட்டறோம். விரலோட."

கீழே மண்டியில் யாரோ பலாப்பழம் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபாலகிருஷ்ணன் நெடுநேரம் சான்றையே நோக்கினார். பிறகு முத்திரைக் கட்டையை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"பதினேழாவது கட்டம் காலியா இருக்கு. தந்தையின் கையொப்பம் அல்லது கைநாட்டு. அது இல்லாம வாங்க முடியாது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பத்தைந்து. உதட்டில் சிறு புன்னகை தோன்ற, மைப்பெட்டியின் மூடியைத் திறந்து கலியனின் பக்கம் தள்ளினார். "அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. அஞ்சு அடிச்சா அலமாரிய மூடிடுவேன். சட்டுனு நாட்டை வையி."

அமிர்தநாதனின் பார்வை கலியனின் கைக்குச் சென்றது. வைத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். மகளின் மூன்றாண்டும், வற்றப்போகும் கிணறுகளின் கணக்கும் அந்த நீலமைக்கு அப்பால் நின்றன. கலியனின் பெருவிரல் மேசைமேல் ஒருமுறை அசைந்தது. அவர் மகளைப் பார்த்தார். அவருடைய பார்வையில் ஒரு கேள்வி இருந்தது.

சாமியம்மாள் மைப்பெட்டியை மூடிச் செயலாளரின் பக்கமே திருப்பித் தள்ளினாள். பேனாவைத் தந்தையின் கையில் கொடுத்தாள்.

"மெதுவாவே எழுதுங்கப்பா," என்றாள்.

கலியன் குனிந்தார். நாக்கின் நுனி பற்களிடையே வந்து நின்றது. "செ" எழுந்து நின்றது. அதன் கொம்பு சற்றே கோணியது. அவர் அதைத் திருத்தினார். புள்ளி வைத்தார். கடிகாரம் தன் வேலையைச் செய்தது. அவர் தம் வேலையைச் செய்தார். "க". "லி"யின் சுழியில் பேனா சிக்கியது. "ய". கடைசி எழுத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, நிமிர்ந்து, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி குனிந்து, "ன்" மேல் புள்ளியைக் குத்தினார்.

நான்கு ஐம்பத்தொன்பது.

"போடுங்க," என்றார் அமிர்தநாதன்.

முத்திரை தாளில் விழுந்தது. நேரத்தைக் குறித்துச் செயலாளர் தம் சுருக்கொப்பமிட்டார். அவர் கையெடுத்த பிறகே கடிகாரம் மணியடிக்கத் தொடங்கியது. ஐந்தையும் பழனிவேல் விரல்விட்டு எண்ணினான்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார்," என்று பழனிவேல் பெருமூச்சு விட்டான். "இவரு பேரு கலியபெருமாளா இருந்திருந்தா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்?"

முதன்முறையாகச் சாமியம்மாள் சிரித்தாள்.

கலியன் சிரிக்கவில்லை. படிவத்தைச் செயலாளரின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து, தம் பெயரின் அடியில் விரலை ஊன்றினார். மை படாத, செம்மண் ஏறிய பெருவிரல் அது.

"படிங்க," என்றார்.

"எதுக்கு?"

"நான் எழுதுனது சரியா இருக்குதான்னு பாக்கணும். சத்தமாப் படிங்க."

கோபாலகிருஷ்ணன் படித்தார்.